வேர்வழி

இலையில் அடிக்கிற மருந்தென்றால்
மழை கழுவும், வெயில் தின்னும்.
இது அப்படியில்லை.
வேரில் ஊற்றினால் செடி குடித்துக்கொள்ளும்.
தண்டேறி, இலையேறி,
பூவில் தேன் ஊறும் இடம்வரை போய்
உட்கார்ந்துகொள்ளும்,
மாதக்கணக்கில்.

இம்பீரியல் ரோட்டுக் கடைக்காரர் சொன்னது
இவ்வளவுதான்: "ஊத்துங்க, போயிடும்."
எது போகும் என்று சொல்லவில்லை.

மீதியைப் புட்டியோடு வந்த தாள் சொன்னது.
எறும்பெழுத்து. கண்ணாடி போட்டும்
ஓர் இரவு பிடித்தது.
பூத்திருக்கையில் கூடாது.
மழைக்கு முன் கூடாது.
தின்கிற செடிக்குக் கூடவே கூடாது.

செம்மண்டலத்தில் நான் பார்க்கும் பதினோரு தோட்டங்களில்
குணாளன் சார் வீட்டு இட்லிப்பூ வேலிதான் நோயாளி.
கணுவுக்குக் கணு மாவுப்பூச்சி,
இலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுப்பு,
அதன்மேல் எறும்பு ஊர்வலம்.
சோப்புத் தண்ணீர் அடித்தேன். வேப்பெண்ணெய் அடித்தேன்.
பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டியும் பார்த்தாயிற்று.
சார் சொன்னார்:
"மாசியில பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்.
வேலி பச்சையா இருக்கணும்."

அளவுக் குப்பியில் அளந்தேன், மூடியில் இல்லை.
ஒரு சொட்டு கூடினால் ஒரு பூச்சி கூடச் சாகும் என்பது
கொலைகாரன் கணக்கு.

ஊற்றப் போனவள் நின்றேன்.
தேவனாம்பட்டினம் பக்கம் வானம் கறுத்திருந்தது.
அன்றைக்கு ஊற்றியிருந்தால்
வாய்க்கால் குடித்திருக்கும், கெடிலம் குடித்திருக்கும்.
தை பிறக்கட்டும் என்று மூடி வைத்தேன்.

தையில் மறுபடி போனேன்.
வேலியின் கோடியில் இரண்டடி தள்ளி
ஒரு கறிவேப்பிலை மரம்.
மண்ணுக்கடியில் எந்த வேர்
எந்த வேரின் தோளில் கை போட்டிருக்கிறதோ.
கடைசி நாலு செடிக்கு மருந்து கிடையாது.
அதுகளுக்குப் பல் பிரஷ்தான் விதி.

கையுறை மாட்டிச் சருகை விலக்கிக்கொண்டிருந்தபோதுதான்
மதில் இடுக்கால் ரிஸ்வான் வந்தான்,
பக்கத்து வீடு, ஆறு வயது.
ஒரு பூவைப் பிய்த்தான். நடு நரம்பை உருவினான்.
நுனியில் நின்ற சொட்டை நாக்கில் வைத்தான்.
"தேன் இருக்குக்கா. உனக்கு?"

என் கையில் புட்டி.

தாளைத் திரும்பப் படித்தேன்.
தேனீ என்று போட்டிருந்தது.
ரிஸ்வான் என்று இல்லை.

அன்று முழுக்க வெட்டினேன்.
பூ, மொட்டு, மொட்டாகப் போகிற முனை,
ஒரு சிவப்பு மிச்சமில்லாமல்.
தேன்சிட்டு ஒன்று வந்து கம்பியில் உட்கார்ந்து
கடை சாத்திய தெருவைப் பார்ப்பதுபோல் பார்த்தது.
பிறகுதான் ஊற்றினேன்.
ஷமீமாவிடம் போய்ச் சொன்னேன்,
மதில் இடுக்கில் ஒரு பலகை வைத்துக் கட்டினேன்.
தினமும் காலையில் வந்து
எட்டிப்பார்க்கும் மொட்டை எல்லாம் கிள்ளினேன்.

நிச்சயதார்த்தத்தன்று சார் முகம் சுருங்கியது.
"என்னம்மா, ஒரு பூகூட இல்ல?"
"பச்சையா இருக்கணும்னீங்களே சார்."

பலகைக்கு அந்தப்பக்கமிருந்து ரிஸ்வான் தினம் கேட்பான்:
"செடிக்கு எப்பக்கா சரியாகும்?"
அதுதான் தாளில் தெளிவாக இல்லை.
"நான் சொல்றேன்" என்று மட்டும் சொல்வேன்.

நேற்று மதில்மேல் ஒரு கை நீண்டது.
வியர்வையில் கசங்கிய
நாலு இட்லிப்பூ.
"எங்க ஸ்கூல் வாசல்ல பறிச்சது.
இதுல மருந்து இல்லக்கா. நீ குடி."

அந்த வாசலுக்கு யார் தோட்டக்காரர்,
தாள் படிப்பவரா, எதை ஊற்றினார், எப்போது?
கையுறையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.
நாலிலும் நரம்பு உருவியிருந்தது.